கடல் முள்ளெலியின் வாய்க்குள் அரிஸ்டாட்டில் விளக்கு எப்படி வந்தது?

கேள்வி இது: கடல் முள்ளெலியின் தாடை அமைப்புக்கு விலங்கியலில் 'அரிஸ்டாட்டில் விளக்கு' என்று பெயர். அது ஒளி தருமா? அரிஸ்டாட்டில்தான் அதைக் கண்டுபிடித்து அப்படிப் பெயர் வைத்தாரா? எல்லாக் கடல் முள்ளெலிகளுக்கும் அது உண்டா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒளி தராது; பெயர் வடிவத்தை வைத்து வந்தது. விளக்கு உவமை அரிஸ்டாட்டிலுடையது. ஆனால் அந்த உறுப்புக்கு அதைப் பெயராக்கியவர்கள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ஐரோப்பிய இயற்கையாளர்கள். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அரிஸ்டாட்டில் அந்த உவமையைச் சொன்னது தாடையைப் பற்றியே அல்ல, விலங்கின் முழு உடலைப் பற்றித்தான் என்று நம்ப வலுவான காரணங்கள் இருக்கின்றன. பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடும் இந்த இடம்தான் உண்மையில் சுவையானது, அதனால் அங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கப் போகிறேன்.

அதற்கு முன் உறுப்பைப் பார்த்துவிடுவோம். கடல் முள்ளெலி முட்தோலிகள் தொகுதியைச் சேர்ந்தது. நட்சத்திர மீனுக்கும் கடல் வெள்ளரிக்கும் உறவு. உருண்டையான சுண்ணாம்பு ஓடு, அதன் மேல் அசையும் முட்கள். வாய் கீழ்ப்பக்கம் பாறையைப் பார்த்தபடி இருக்கும், மலத்துளை மேல் உச்சியில். வாயின் நடுவில் ஐந்து வெள்ளைப் பற்களின் நுனிகள் ஒன்றுகூடித் தெரியும். வெளியே தெரிவது அவ்வளவுதான். ஓட்டை உடைத்து உள்ளே பார்த்தால், அந்த ஐந்து பற்களையும் தாங்கிக்கொண்டு ஒரு பெரிய கூம்பு வடிவக் கூடு நிற்கும். அகன்ற பக்கம் மேலே, குறுகிய பக்கம் கீழே வாயை நோக்கி. அந்தக் கூடு முழுவதும்தான் அரிஸ்டாட்டில் விளக்கு.

வழக்கமான வட்ட வடிவ முள்ளெலிகளில் இதில் 40 சுண்ணாம்புத் துண்டுகள் உண்டு. கணக்கு இப்படிப் போகும். தாடைகள் ஐந்து, ஒவ்வொன்றும் தலைகீழாக நிறுத்திய பிரமிடு போல இருப்பதால் பிரமிடு என்றே பெயர். ஒவ்வொரு பிரமிடும் இரண்டு பாதிகள் ஒட்டியது, ஆகப் பத்து. ஒவ்வொரு பாதியின் மேல்முனையிலும் எப்பிஃபைசிஸ் என்ற சிறு துண்டு, அது பத்து. அடுத்தடுத்த பிரமிடுகளை மேலே இணைக்கும் ரோட்டுலா ஐந்து. அவற்றுக்கும் மேலே காம்பஸ் என்ற மெல்லிய வளைந்த கம்பிகள் ஐந்து. ஒவ்வொன்றும் இரு துண்டுகளால் ஆனது, எனவே பத்து. கடைசியாகப் பற்கள் ஐந்து. துண்டுகளைத் தசைகளும் இணைப்புத் திசுக்களும் கட்டிவைத்திருக்கின்றன. உணவுக்குழல் இந்தக் கூட்டின் நடுவழியாக மேலே ஏறிப் போகிறது.

இந்தப் பெயர்களும் உவமைகள்தான். ரோட்டுலா என்றால் லத்தீனில் சிறு சக்கரம், ஆனால் பொருள் ஒரு சிறு பாளம். மேலிருந்து பார்த்தால் ஐந்தும் சக்கரத்தின் ஆரங்கள் போல விரிந்து நிற்கும். காம்பஸ் நாம் வடிவியல் பெட்டியில் வைத்திருந்த கவராயம். அந்தக் கம்பியின் வெளிமுனை கவராயம் போலவே இரண்டாகப் பிரிந்திருக்கும். கூட்டைத் தாங்கும் தசைகள் ஓட்டின் உள்விளிம்பில் பற்றிக்கொள்ளும் வளைவுகளுக்கு ஆரிக்கிள், அதாவது சிறு காது, என்று பெயர். உடலுறுப்பியலாளர்கள் பழக்கமான பொருளைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். அந்தப் பொருள் வழக்கொழிந்த பிறகும் பெயர் மட்டும் தங்கிவிடும். விளக்குக்கு நேர்ந்ததும் இதுவே.

சரி, அந்த விளக்கு எப்படிப்பட்டது? தமிழில் 'விளக்கு' என்று படித்ததும் நம் கண்முன் வருவது அகல்விளக்கோ குத்துவிளக்கோதான். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தாடையைப் பார்த்தால் எந்த ஒற்றுமையும் தெரியாது. அரிஸ்டாட்டில் பயன்படுத்திய கிரேக்கச் சொல் 'லாம்ப்டேர்'. கையில் தூக்கிக்கொண்டு போகும் கூண்டு விளக்கு அது. கீழே ஒரு வட்டத் தட்டு, மேலே ஒரு மூடி, இரண்டையும் இணைக்கும் சில நெடுங்கம்பிகள், உள்ளே எண்ணெய் விளக்கு. காற்று பட்டுத் திரி அணையாமலிருக்கச் சுற்றிலும் ஏதாவது மறைப்பு வேண்டும். கண்ணாடித் தகடு புழக்கத்துக்கு வராத காலம் என்பதால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவிய கொம்பையோ தோலையோ சுற்றிக் கட்டினார்கள். அந்த மறைப்பைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது மேலும் கீழும் இணைந்து, பக்கவாட்டில் இடைவெளி விட்டு நிற்கும் வெறும் கூண்டு. நம் ஊர் வழக்கில் இதற்குச் சரியான சொல் லாந்தர். அந்தச் சொல்லின் பூர்வீகமும் இங்கேதான் இருக்கிறது. கிரேக்க லாம்ப்டேர் லத்தீனில் லான்டெர்னா ஆனது. அதிலிருந்து பிறந்த ஐரோப்பியச் சொல்தான் தமிழில் லாந்தர் ஆகியிருக்கிறது. அதனால் 'அரிஸ்டாட்டில் லாந்தர்' என்று சொன்னால் பொருளும் துல்லியமாகும், அவருடைய சொல்லுக்கும் மிக அருகில் போய்விடுவோம். பாடநூல் வழக்கை மாற்றச் சொல்லவில்லை. மாணவர்களுக்கு விளக்கும்போது லாந்தரைக் காட்டி விளக்குங்கள் என்கிறேன்.

இனி அந்த வாக்கியம். அரிஸ்டாட்டில் வாழ்ந்தது கி.மு. 384 முதல் 322 வரை. ஆசிரியர் பிளேட்டோ இறந்த பிறகு ஏதென்சை விட்டுக் கிளம்பிச் சில ஆண்டுகள் ஆசியா மைனர் கரையிலும் லெஸ்போஸ் தீவிலும் இருந்தார். அந்தத் தீவின் உள்ளே நீண்டு செல்லும் ஒரு உப்பங்கழியை அவர் பைரா என்ற ஊரின் பெயரால் குறிக்கிறார். இன்று அதற்குக் கல்லோனி வளைகுடா என்று பெயர். அவருடைய கடல்வாழ் உயிரினக் குறிப்புகளில் பைரா திரும்பத் திரும்ப வருகிறது. முள்ளெலிகள் பற்றியும் அப்படி ஒரு குறிப்பு உண்டு: பைராவின் நீர்ப்பாதையில் கிடைப்பவை உருவில் சிறியவை, ஆனால் குளிர்காலத்தில் முட்டை நிறைந்து சுவையாக இருக்கும் என்கிறார். தானே பார்த்து, மீனவர்களிடம் கேட்டு எழுதியவருடைய நடை இது.

விலங்குகளைப் பற்றிய அவருடைய பெரிய நூலின் நான்காம் புத்தகம் இரத்தமற்ற விலங்குகளுக்கானது. அவர் 'இரத்தமற்ற' என்று சொன்னது சிவப்பு இரத்தம் இல்லாதவற்றை. கடல் முள்ளெலியை நத்தை, சிப்பிகளோடு ஓடுடையவை என்ற பிரிவில் சேர்க்கிறார். இன்றைய வகைப்பாட்டில் அந்த உறவு நிற்காது. ஆனால் வர்ணனை இன்றும் நிற்கிறது. தலையும் வாயும் கீழே, கழிவு வெளியேறும் இடம் மேலே என்கிறார். உள்ளே ஐந்து குழிவான பற்கள், பற்களுக்கு நடுவே நாக்கு போன்ற சதை, அதை அடுத்து உணவுக்குழல், பிறகு ஐந்து பகுதிகளாகப் பிரிந்த வயிறு, தனிச் சவ்வுக்குள் ஐந்து முட்டைத் தொகுதிகள் என்று வரிசையாகப் போகிறார். முட்டை என்று அவர் சொன்னவை உண்மையில் இனப்பெருக்கச் சுரப்பிகள், ஆணுக்கும் உண்டு. மத்திய தரைக்கடல் மக்களும் ஜப்பானியர்களும் விரும்பி உண்பது அவற்றைத்தான். எண்ணிக்கை ஐந்து என்பதை அவர் பிடித்துவிட்டார் பாருங்கள், முட்தோலிகளின் உடலமைப்பே அந்த ஐந்தில்தான் அடங்கியிருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பல வகை முள்ளெலிகளைப் பற்றியும் பேசி முடித்த பிறகு, விளக்கு வாக்கியம் வருகிறது. அதன் சாரம்: தொடக்கத்திலும் முடிவிலும் முள்ளெலியின் இன்னது தொடர்ச்சியானது, மேற்பரப்பிலோ தொடர்ச்சியற்றது, சுற்றியிருக்கும் தோல் இல்லாத லாந்தரைப் போன்றது. உடனே அடுத்த வாக்கியத்தில் முட்களைக் கால்களாகப் பயன்படுத்தி முள்ளெலி நகர்வதைச் சொல்லத் தொடங்குகிறார்.

இதில் 'இன்னது' என்று நான் விட்ட இடத்தில்தான் சிக்கல். அச்சு வருவதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் கையால் படியெடுக்கப்பட்டு வந்த நூல் அது. சங்க இலக்கிய ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த பதிப்பாசிரியர்களின் உழைப்பை அறிந்தவர்களுக்கு நிலைமை உடனே புரியும். இந்த இடத்தில் ஒரு பாடம் 'ஸோமா', அதாவது உடல். இன்னொரு பாடம் 'ஸ்தொமா', அதாவது வாய். வேறுபாடு ஒரு 'த்' சேர்வதும் ஓகாரம் ஒகரமாகக் குறுகுவதும்தான். இரண்டு சொல்லும் நமக்கு உயிரியலில் வேறு வேடத்தில் பழக்கமானவை. குரோமோசோமில் இருக்கும் 'சோம்' அந்த உடல். இலையின் அடியில் இருக்கும் ஸ்டோமா அந்த வாய்.

வாய் என்ற பாடத்தை ஏற்றவர்கள் ஓட்டை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே, கம்பிகளுக்கு நடுவே இடைவெளி விட்ட கூண்டு ஒன்று கண்ணெதிரே நின்றது. ஆகா, இதைத்தான் அரிஸ்டாட்டில் சொல்லியிருக்கிறார் என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. அவ்வளவு பொருத்தமான தோற்றம். லத்தீனில் எழுதிய இயற்கையாளர்கள் அதை அரிஸ்டாட்டிலின் லாந்தர் என்றே குறித்தார்கள், பிற மொழிகளும் பின்தொடர்ந்தன. 1910-இல் வெளிவந்த டார்சி தாம்ப்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பு இந்த வாசிப்புக்கு இன்னும் வலுக் கூட்டியது. தாம்ப்சன் விலங்கியல் பேராசிரியர், கிரேக்கமும் ஆழமாக அறிந்தவர். அவருடைய சொல்லுக்கு மதிப்பு அதிகம். வாய் என்பதை வாய்க்கருவி என்று விரித்தும், தோல் என்பதைக் கொம்புத் தகடு என்று மாற்றியும் எழுதினார். கொம்பு அந்த வாக்கியத்தின் மூலத்தில் இல்லை. லாந்தரின் வழக்கம் தெரிந்து அவர் சேர்த்த விளக்கம். இன்று பலரும் மேற்கோள் காட்டுவது அரிஸ்டாட்டிலை அல்ல, இந்த மொழிபெயர்ப்பை.

உடல் என்ற பாடத்துக்கு நெடுநாளாகவே ஆதரவாளர்கள் இருந்தார்கள். 2008-இல் தெசலோனிக்கியில் உள்ள அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலெனி வுல்ட்சியாடு, சாரிடோன் சின்டிரோக்ளு என்ற இரு கடல் உயிரியலாளர்கள் இதை ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். அரிஸ்டாட்டில் முள்ளெலியைப் பற்றிச் சொன்னவற்றைத் தொகுத்து, அகழாய்வில் கிடைத்த பழைய லாந்தர்களோடும் ஒப்பிட்டு, உவமை முழு உடலுக்கே பொருந்துகிறது என்று முடிவு கட்டினார்கள். அவர் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்திலிருந்தே இந்தத் திருத்தம் வந்தது எனக்கு மகிழ்ச்சியான விஷயம்.

எனக்கும் உடல் என்ற பாடம்தான் சரியாகப் படுகிறது. வாக்கியம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பற்களைப் பற்றிய பேச்சு வெகு முன்பே முடிந்துவிட்டது. குடல், முட்டை, வகைகள் எல்லாம் கடந்து, முட்களுக்குப் போவதற்குச் சற்று முன் இந்த வாக்கியம் வருகிறது. வாய்க்குத் திரும்பிப் போக அங்கே காரணமே இல்லை. உள்ளுறுப்புகளை முடித்துவிட்டு வெளிப்புறத்துக்கு வருகிறவர் உடலின் மேற்பரப்பைச் சொல்வதுதான் இயல்பு. அப்புறம் 'தொடக்கமும் முடிவும்' என்ற தொடர். உணவு நுழையும் கீழ்முனையும் கழிவு வெளியேறும் மேல்முனையும் உடலுக்குத்தான் தொடக்கமும் முடிவும்; ஒரு தாடைக்கு அந்தத் தொடர் அவ்வளவு இயல்பாக ஒட்டாது.

முட்களும் சதையும் போய்க் காய்ந்த முள்ளெலி ஓடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூன்றாவது காரணம் தெரியும். மேலிருந்து கீழ்வரை வளைந்து இறங்கும் ஐந்து பட்டைகளில் வரிசை வரிசையாக நுண்துளைகள். உயிரோடிருந்தபோது குழல்கால்கள் வெளியே நீண்ட வழிகள் அவை. ஒளியை நோக்கித் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் துளித்துளியாக ஓட்டுக்குள் இறங்கும். மேலும் கீழும் இணைந்து, பக்கம் முழுக்கத் துளைகளால் அறுபட்ட ஓடு. மறைப்பில்லாத லாந்தர் என்று அதைச் சொல்ல யாருக்கும் தோன்றும். மத்திய தரைக்கடல் கரைகளில் இப்படி ஒதுங்கும் ஓடுகளை அவர் பார்க்காமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

எதிர்ப்பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தாடைக்கூண்டும் லாந்தரைப் போலத்தான் இருக்கிறது. பார்க்கப் போனால் ஓட்டைவிடக் கூடுதலாகவே அப்படி இருக்கிறது. கீழே பல்நுனிகள் ஒன்றுசேர்ந்தும் மேலே ரோட்டுலாக்களால் இணைந்தும் இருப்பதால் 'தொடக்கத்திலும் முடிவிலும் தொடர்ச்சியானது' என்பதையும் வலிந்து பொருத்திவிடலாம். அதனால்தான் இத்தனை அறிஞர்கள் இத்தனை காலம் அந்த வாசிப்பில் நிறைவடைந்திருந்தார்கள். வாக்கியத்தைத் தனியாகப் பிடுங்கி வைத்தால் இரண்டும் பொருந்தும். பத்தியோடு சேர்த்துப் படித்தால் தராசு உடல் பக்கம் சாய்கிறது.

அப்படியானால் பெயரை மாற்ற வேண்டுமா? வேண்டாம். விலங்கு இனங்களுக்குப் பெயரிடச் சர்வதேச விதித்தொகுப்பு உண்டு. உறுப்புகளின் பெயர்களை அந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே வழக்குதான் சட்டம். உலகம் முழுவதும் அந்தப் பெயரைச் சொன்னால் முள்ளெலியின் தாடைதான் புரிகிறது என்பதால் அது அந்த உறுப்பின் சரியான பெயரே. தேர்விலும் அப்படியே எழுதுங்கள். 'அரிஸ்டாட்டில் இந்த உறுப்பை விளக்குக்கு ஒப்பிட்டார்' என்பதை மட்டும் ஐயமற்ற உண்மையாக எழுதாமல், அவருடைய உவமையிலிருந்து இந்தப் பெயர் பிறந்தது என்று எழுதினால் இரு பக்கமும் பழுதில்லை.

விளக்கு என்ன வேலை செய்கிறது என்பதையும் கேட்பவர்கள் உண்டு. முள்ளெலி பாறை மேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் விலங்கு. ஒரு தசைத் தொகுதி கூட்டை முழுவதும் கீழே தள்ளிப் பற்களை வாய்க்கு வெளியே நீட்டுகிறது. இன்னொரு தொகுதி தாடைகளின் கீழ்ப்பகுதியை விலக்கிப் பற்களைத் திறந்து உள்ளே இழுக்கிறது. அடுத்தடுத்த பிரமிடுகளுக்கு நடுவே உள்ள தசைகள் சுருங்கும்போது ஐந்து பற்களும் மையத்தை நோக்கி மூடிக்கொள்கின்றன. ஐந்து திசையிலிருந்து ஒரே நேரத்தில் கடி. மேலே உள்ள கவராயக் கம்பிகளுக்குக் கடிக்கும் வேலையில் பங்கு கிடையாது. அவை ஏறி இறங்கும்போது விளக்கைச் சூழ்ந்த திரவம் அழுத்தம் மாறி, வாயைச் சுற்றியுள்ள செவுள்களுக்குள் போய் வருகிறது. அதாவது இந்தத் தாடை மூச்சுக்கும் உதவுகிறது.

பற்களைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முள்ளெலியின் பல் கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட் கனிமம். சுண்ணாம்புப் பாறையும் அதே கனிமம்தான். சில இனங்கள் அந்தப் பாறையையே குடைந்து தமக்கு வீடு செய்துகொள்கின்றன. தன்னைப் போன்ற பொருளைத் தானே அறுப்பது எப்படி? பல்லின் உட்புறம் தகடுகளும் இழைகளுமாக அடுக்கப்பட்ட படிகங்கள். அவற்றைப் பிணைக்கும் பொருளில் மக்னீசியம் மிகுதி, அதனால் நுனியில் கடினம் கூடுகிறது. கூர் மழுங்காமல் இருப்பது எப்படி என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பூப்பா கில்பர்ட் குழுவினர் 2011-இல் விளக்கினார்கள். தகடுகளுக்கு இடையில் கரிமப் பொருளாலான மெல்லிய படலங்கள் உண்டு. அவை வலுவற்ற இடங்கள். தேய்மானம் வரும்போது பல் அந்தக் கோடுகளில் உடைந்து உதிர்கிறது, உதிரும் ஒவ்வொரு முறையும் புதிய கூர்முனை வெளிப்படுகிறது. உதிர்ந்ததை ஈடுகட்ட மேல்முனையில் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கடியின் விளைவு சிறியதல்ல. வட பசிபிக் கரைகளில் கடல்நீர்நாய்களை உரோமத்துக்காக வேட்டையாடிக் குறைத்தபோது, அவற்றின் இரையான முள்ளெலிகள் பெருகிக் கெல்ப் என்னும் பெரும்பாசிக் காடுகளை அடியோடு மேய்ந்துவிட்டன. கரீபியன் கடலில் நேர்மாறாக நடந்தது. 1983-84இல் நீண்ட முட்களையுடைய டயடெமா முள்ளெலிகள் நோயில் கூட்டம் கூட்டமாக மடிந்தன. சுரண்ட ஆளில்லாமல் பவளப் பாறைகளைப் பாசி மூடிக்கொண்டது. ஒரு கைக்குள் அடங்கும் விலங்கின் தாடை ஒரு கடற்பரப்பின் தோற்றத்தையே தீர்மானிக்கிறது.

வகைப்பாட்டிலும் விளக்குக்குப் பங்கு உண்டு. பல்லின் உட்பக்கம் பள்ளமாக இருக்கிறதா, முதுகெலும்பு போல வரப்பு ஓடுகிறதா, எப்பிஃபைசிஸ் துண்டுகள் மேலே ஒன்றோடொன்று இணைகின்றனவா என்பவற்றை வைத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முள்ளெலிகளைப் பிரித்தார்கள். தொல்லுயிர் எச்சங்களை ஆராய்பவர்களுக்கு இது பெரிய உதவி. விளக்கின் வரலாறும் மிகப் பழையது. 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஆர்டோவீசியக் காலத்து ஆதி முள்ளெலிகளிலேயே தாடை இருக்கிறது. ஓஃபியோசிஸ்டியாய்டு என்ற முற்றிலும் அழிந்துபோன ஒரு முட்தோலி வகுப்பிலும் இதையொத்த தாடை இருந்திருக்கிறது.

மேல்வகுப்பு மாணவர்கள் இதை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் வழி எளிது. மன்னார் வளைகுடாக் கரையில் வலையோடு ஏறிவரும் சால்மாசிஸ் வகை முள்ளெலி இறந்து ஒதுங்கிக் கிடக்கும். அதன் வாய்ப்பக்கத்தை மெதுவாக வெட்டி விளக்கை முழுதாக எடுத்து, துணி வெளுக்கும் பிளீச்சிங் கரைசலை நீர்த்து அதில் ஊறவையுங்கள். சதை கரைய ஆரம்பித்ததும் கூண்டு வடிவம் தெளிவாகத் தெரியும். அந்த நேரத்தில் எடுத்து அலசிவிட வேண்டும். அதிக நேரம் விட்டால் இணைப்புத் திசுவும் கரைந்து துண்டுகள் பிரிந்துவிடும். பிரிந்தாலும் நட்டமில்லை, 40 துண்டுகளையும் பெயர் சொல்லி அடுக்கிப் பார்க்கலாம். கையுறை அவசியம், சில இனங்களின் முட்கள் குத்தினால் கடுமையாக வலிக்கும். உயிருள்ளவற்றைப் பிடிக்க வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதிகள் தேசியப் பூங்கா, அங்கே எதையும் எடுக்கவும் கூடாது.

கடைசிக் கேள்வி, எல்லா முள்ளெலிகளுக்கும் இது உண்டா என்பது. இல்லை. உருண்டையான, ஐந்து பக்கமும் சமமான வகைகள் எல்லாவற்றிலும் உண்டு. மணலில் தட்டையாகக் கிடக்கும் சாண்ட் டாலர் வகையிலும் விளக்கு உண்டு, ஆனால் அது அமுங்கித் தட்டையாகிவிட்டது. பற்களை வெளியே நீட்டிச் சுரண்ட முடியாது, மணலோடு வரும் துகள்களை நசுக்க மட்டுமே பயன்படுகிறது. சேற்றிலும் மணலிலும் புதைந்து வாழும் இதய வடிவ முள்ளெலிகளுக்கோ வளர்ந்த பருவத்தில் விளக்கே கிடையாது. சேற்றை அப்படியே விழுங்கி அதிலிருக்கும் உணவைச் செரித்துக்கொள்வதால் கடிக்கத் தேவை இல்லாமல் போயிற்று. கடல் முள்ளெலிகள் அடங்கிய வகுப்புக்கு எக்கினாய்டுகள் என்று பெயர். எனவே தேர்வில் 'அரிஸ்டாட்டில் விளக்கு எல்லா எக்கினாய்டுகளிலும் காணப்படும்' என்று ஒரு கூற்று வந்தால் தவறு என்று குறியுங்கள்.